பழைய சிஸ்டத்தில் பணம் போடலாம்

ஆறேழு வருடம் ஓடிய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இதுல போய்க் காசு போடாதீங்க சார், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதுசா எடுத்துருங்க." சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் இதுதான், சிற்றூரில் இருக்கும் ஒற்றைக் கணினிக் கடையில் கேட்டாலும் இதுதான். யூடியூபில் புதுக் கருவிகளைப் பிரித்துக் காட்டுகிறவர்களும், ஐ.டி.யில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனும் இதையே சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வதாலேயே இது உண்மையாகிவிடாது. கேம் விளையாடவும், வீடியோ எடிட் செய்யவும், படம் வரையவும், முப்பரிமாண வேலை பழகவும் ஒரு பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தவறான ஆலோசனை. கையில் பணம் குறைவாக இருப்பவருக்குத்தான் இது அதிகச் சேதம் செய்கிறது.

யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்த பிள்ளை, அண்ணன் விட்டுப்போன சிஸ்டத்தில் பிளெண்டர் பழகுகிறது. சிற்றூர் ஸ்டூடியோக்காரர் முகூர்த்த மாதம் முழுவதும் கல்யாண வீடியோக்களை அதே மாதிரி ஒரு சிஸ்டத்தில்தான் வெட்டி ஒட்டுகிறார். அழைப்பிதழும் ஃபிளெக்ஸும் வடிவமைப்பவர் கோரல்டிராவுக்கும் போட்டோஷாப்புக்கும் நடுவே நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கிறார். இவர்கள் கையில் இருபதாயிரம் இருக்கும்போது எழுபதாயிரத்துக்கு வழி காட்டினால், மீதி ஐம்பதாயிரம் மாதத் தவணையாக வந்து சேரும், அல்லது வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் அந்தப் பிள்ளை பிளெண்டரையே விட்டுவிடும். இதில் எதையும் கணக்கில் சேர்க்காமல்தான் "புதுசா எடுத்துருங்க" என்ற வார்த்தை அத்தனை சுலபமாக வருகிறது.

டெஸ்க்டாப்பை ஒரே பொருளாகப் பார்ப்பதில்தான் இந்த ஆலோசனையின் பிழை தொடங்குகிறது. செல்பேசியை அப்படிப் பார்ப்பதில் நியாயம் உண்டு, அதைத் திறந்து ஒரு சில்லை நாமே மாற்ற முடியாது. டெஸ்க்டாப்போ கேபினட், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசஸர், ராம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் என்று தனித்தனியாக வாங்கித் திருகி மாட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு, பழசாகும் வேகமும் வேறு. கேபினட் பழசாவதே இல்லை. நல்ல மானிட்டர் பத்து வருடம் சாதாரணமாக உழைக்கும். ராம் அபூர்வமாகத்தான் கெடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸும் முதலில் தளரும். ஓடு உடைந்தால் ஓட்டை மாற்றுகிறோம், யாரும் வீட்டை இடிப்பதில்லை. எந்தப் பாகம் மற்றவற்றைப் பிடித்து இழுக்கிறது என்று பார்க்காமலே முழுவதையும் தூக்கிப் போடச் சொல்கிறவர் நோயைப் பார்க்கவே இல்லை.

"சிஸ்டம் ஸ்லோவாயிடுச்சு" என்று வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது பிராசஸரின் தலைமுறை எண். "ஃபோர்த் ஜென்னா? அதான்." அதோடு விசாரணை முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடும் சிஸ்டமாக இருந்தால் அநேகமாகப் பிராசஸர் வேலையில்லாமல் இருக்கும், டிஸ்க் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே சுழன்று வரும்வரை மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டும். ஒரு மென்பொருள் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் படிக்கப்படுகின்றன, இந்தக் காத்திருப்பு சேர்ந்து சேர்ந்து நிமிடங்களாகிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. அதே தேடல் 0.1 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடுகிறது. பத்து வருடப் பழைய சிஸ்டத்தில் ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியை மாட்டி விண்டோஸைப் புதிதாக ஏற்றியவர்களுக்குத் தெரியும், அது வேறு இயந்திரமாகவே ஆகிவிடும்.

இதைச் சொன்னால் உடனே இன்னொரு தடை வரும்: "உங்க போர்டுல எம்.2 ஸ்லாட்டே இல்ல, என்விஎம்இ போட முடியாது." போட வேண்டியதில்லை. எச்61, எச்81 போர்டுகளில் எம்.2 கிடையாது, உண்மைதான். ஆனால் சாட்டா வழியே வரும் எஸ்எஸ்டியே விநாடிக்கு 550 மெகாபைட் அளவுக்குப் படிக்கும். என்விஎம்இ 3,500 மெகாபைட் படிக்கலாம், ஆனாலும் கேம் திறக்கும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொற்பம். பெரிய வீடியோக் கோப்புகளை அடிக்கடி நகலெடுப்பவருக்கு மட்டும் அந்த வேகம் உண்மையான பயன் தரும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல், அதற்கு எந்தப் பழைய போர்டும் போதும்.

அடுத்தது ராம். நம் ஊர் அசெம்பிள் சிஸ்டங்களில் மிகச் சாதாரணமாகக் காணும் குறை, எட்டு ஜிபி ஒரே குச்சியாகப் போடப்பட்டிருப்பது. போர்டு இரண்டு வழியாக ராமோடு பேசக்கூடியது, ஒரு குச்சி இருந்தால் ஒரு வழி அடைபட்டுக் கிடக்கும். டிடிஆர்4 3200 ஒரு வழியில் விநாடிக்கு 25.6 ஜிகாபைட், இரு வழியில் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 3 2200ஜி மாதிரி பிராசஸரின் உள்கிராபிக்ஸில் விளையாடுபவருக்கு இன்னொரு குச்சி கண்கூடான மாற்றம் தரும், ஏனென்றால் அந்த உள்கிராபிக்ஸுக்கு ராம்தான் நினைவகம். எடிட்டிங் செய்பவருக்கோ பதினாறு ஜிபி என்பது இன்று அடித்தளம். ராம் போதாமல் டிஸ்க்கைக் கடன் கேட்கும் சிஸ்டத்தில் எவ்வளவு பெரிய பிராசஸர் இருந்தும் பயனில்லை.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் மேம்பாடு என்று கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர் வெயிலில், ஜன்னல் திறந்த அறையில், நாலு வருடம் திறக்கப்படாத கேபினட்டின் ஹீட் சிங்க்கில் கம்பளி விரித்தது போல் தூசி படிந்திருக்கும். பிராசஸருக்கு மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிரும். வெப்பம் எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு கேம் திக்குகிறது என்பவர்களில் பலருக்குத் தேவை ஒரு பிரஷ்ஷும் ஒரு சிறு பேஸ்ட் குழாயும்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு. இங்கேதான் புதுசு வாங்கச் சொல்பவர்களின் மிக வலுவான வாதம் நிற்கிறது: "பழைய பிராசஸர்ல நல்ல கார்டு போட்டா பாட்டில்நெக் ஆகும், கார்டு வேஸ்ட்." பாதி உண்மை சொல்லும் வாதம் இது. ஒவ்வொரு ஃபிரேமையும் பிராசஸர் தயார் செய்து கொடுக்க வேண்டும், கார்டு வரைய வேண்டும். இரண்டில் மெதுவானது எதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். இதுவரை சரி. ஆனால் எந்த வேகம் நமக்கு வேண்டும் என்பதை இந்த வாதம் கேட்பதே இல்லை. பெரும்பாலோர் மேஜையில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். அது விநாடிக்கு அறுபது முறைதான் படத்தை மாற்றும். பழைய பிராசஸர் எழுபது ஃபிரேம் தயார் செய்தால் அந்த மானிட்டருக்கு அதுவே மிச்சம். வேகமான பிராசஸர் நூற்றைம்பது கொடுக்கும் என்று விளக்கப்படத்தில் நீளமான பட்டை காட்டுவார்கள். அந்தச் சோதனைகள் பிராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவதற்காக, சந்தையின் உச்சக் கார்டைப் போட்டு, குறைந்த தெளிவில் நடத்தப்படுபவை. சோதனையாளருக்கு அது சரியான முறை. நடுத்தரக் கார்டு வாங்கப் போகிறவர் அதைத் தன் வீட்டு நிலைமை என்று எடுத்துக்கொண்டால் தவறு. 1080பி தெளிவில் காட்சித் தரத்தை உயர்த்தும்போது சுமையின் பெரும்பகுதி கார்டின் பக்கம் சாய்கிறது, பிராசஸருக்கு ஏறக்குறைய அதே வேலைதான். கார்டு முழுத் திறனில் ஓடாமல் எண்பது சதவீதத்தில் நின்றாலும் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கிறதா இல்லையா என்பதுதான் வாங்கியவரின் கேள்வி.

பிராசஸரே தடையாக இருந்தாலும் முழு சிஸ்டத்தையும் மாற்றத்தான் வேண்டுமா? 2017 மார்ச்சில் ஏஎம்டியின் முதல் ரைசன்கள் வந்ததைத் தொடர்ந்து பி350, ஏ320 மதர்போர்டுகளில் ரைசன் 5 1600 போட்டு சிஸ்டம் கட்டியவர்கள் நம்மிடையே நிறைய. அந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022 ஏப்ரலில் ரைசன் 5 5600 வந்தது, ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. 2024 ஜனவரியில்கூட 5700எக்ஸ்3டி என்று புதிய ஒன்று வந்தது. 300 வரிசை போர்டுகளில் 5000 வரிசை ஓடாது என்று முதலில் சொல்லிவந்த ஏஎம்டி, பயனர்களின் நெருக்குதலுக்குப் பிறகு 2022இல் வழிவிட்டது. இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1600இல் ஆறு கோர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு 8 மெகாபைட் எல்3 கேஷோடு இருந்தன. ஒரு குழுவின் கோர் மற்றதன் தகவலைக் கேட்டால் சுற்றிப் போக வேண்டும். 5600இல் ஆறு கோரும் ஒரே குழு, 32 மெகாபைட் கேஷ் எல்லோருக்கும் பொது. கடிகார வேகமும் 3.6 ஜிகாஹெர்ட்ஸ் உச்சத்திலிருந்து 4.4க்கு ஏறிவிட்டது. இதே போர்டு, இதே ராம், இதே கேபினட். மாறியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம். 5800எக்ஸ்3டியில் எல்3 கேஷ் மட்டும் 96 மெகாபைட், கேம்களில் அது தனக்குப் பின்னால் வந்த பல பிராசஸர்களோடு மல்லுக்கட்டுகிறது. ஆனால் அது 105 வாட் கேட்கும், மலிவான ஏ320 போர்டின் மின் பகுதி திணறலாம். அந்த போர்டுக்காரருக்கு 65 வாட் 5600தான் என் பரிந்துரை.

இந்த மாற்றத்துக்கு ஒழுங்கு ஒன்று உண்டு. பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். போர்டு தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பட்டியலில் அந்தப் பிராசஸர் இருக்கிறதா, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்டே செயலற்றுப் போகக்கூடும், ஆகவே யூபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த வேலை வேண்டாம், கடையில் கொடுத்துச் செய்யுங்கள்.

இன்டெல் வைத்திருப்பவருக்கு இவ்வளவு அகலமான கதவு இல்லை. ஆறாம் ஏழாம் தலைமுறைக்கும், எட்டாம் ஒன்பதாம் தலைமுறைக்கும் 1151 என்று ஊசி எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாதபடி செய்தார்கள். அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் தீராத குறை இது. ஆனாலும் ஒரே போர்டுக்குள் ஏறும் வழி இருக்கிறது. ஐ3 8100 வைத்திருப்பவர் பழைய ஐ7 8700 ஒன்றைத் தேடி எடுத்தால் நான்கு கோர் நான்கு திரெட்டிலிருந்து ஆறு கோர் பன்னிரண்டு திரெட்டுக்குப் போகலாம். நான்காம் தலைமுறை ஐ3 வைத்திருப்பவர் ஐ7 4790க்குப் போகலாம், எட்டு திரெட் கிடைக்கும். அதற்கும் கீழே, இரண்டாம் மூன்றாம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பே இல்லை, சில புதிய கேம்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது. அந்த வயது இயந்திரத்தில் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம்.

கார்டு தேர்வில் பழைய போர்டுக்காரர் விழக்கூடிய ஒரு குழி இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு மலிவாகக் கிடைக்கும், பெயரும் புதுசாக இருக்கும். ஆனால் அது போர்டோடு நான்கு தடங்களில் மட்டும் பேசும்படி செய்யப்பட்டது. புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வேக போர்டில் அது சமாளிக்கும், பழைய 3.0 போர்டில் அந்த நான்கு தடமும் பாதி வேகம்தான், அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பும்போதெல்லாம் கேம் திக்கும். மலிவு கார்டு யாருக்குத் தேவையோ அவருடைய போர்டிலேயே மோசமாக ஓடும் கார்டு அது. ஆர்எக்ஸ் 6600க்கு எட்டுத் தடம், 8 ஜிபி, 132 வாட். 3.0 போர்டிலும் இழப்பு மிகக் குறைவு. கேம் மட்டும் என்றால் என் கை அதன் பக்கம்தான் போகும். பிளெண்டர் ரெண்டரிங் முக்கியம் என்றால் ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி ரகம் மேல், பெரிய காட்சியை நினைவகத்துக்குள் அடக்குவதற்கு அந்த 12 ஜிபி உதவும். ஜிடிஎக்ஸ் 1060 மாதிரிக் கார்டுகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன, அவற்றுக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். இனாமாகக் கிடைத்தால் ஒழிய இன்று அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்ததன் மேல் "450 வாட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டுப் பட்டியலில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று சின்னதாக இருந்தால், பிராசஸருக்கும் கார்டுக்கும் அது தரக்கூடியது 12 பெருக்கல் 18, ஆக 216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600இன் 132 வாட்டோடு பிராசஸரின் 65 வாட்டைக் கூட்டினால் 197. மூச்சு விடவே இடமில்லை. கார்டு வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, நம்பகமான 80 பிளஸ் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ் முதலில் வாங்குங்கள். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட பிராண்டட் சிஸ்டம் வைத்திருப்பவருக்கு இது கடினம். அவற்றில் பலவற்றின் மின் இணைப்பே தனி வடிவம், வெளியில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அங்கே ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வழி: ஜிடிஎக்ஸ் 1650இன் பெரும்பாலான வகைகள், அல்லது 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம். கேபினட் ஒல்லியாக இருந்தால் பாதி உயர ரகம் கேட்டு வாங்க வேண்டும்.

"செகண்ட் ஹேண்ட் பொருளை நம்பாதீங்க" என்பது அடுத்த எச்சரிக்கை. எத்தீரியம் கிரிப்டோ நாணயத்தின் சுரங்க முறை 2022 செப்டம்பரில் முடிந்தபோது இரவும் பகலும் உழைத்த கார்டுகள் சந்தையில் கொட்டின, பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பாகம் பார்த்துப் பயப்பட வேண்டும். பழைய பிராசஸரை வாங்குவதில் ஆபத்து மிகக் குறைவு, ஊசி வளையாமல் இருந்து, உங்கள் முன்னால் போர்டில் எழுந்து நின்றால் அநேகமாக அது பல வருடம் நிற்கும். ராமும் அப்படியே, ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட்டினால் தெரிந்துவிடும். கார்டு வாங்கும்போது அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம், திரையில் புள்ளிகள், வெப்பம் மூன்றையும் கவனியுங்கள், பில் கேளுங்கள். ஓட்டிக்காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் எவ்வளவு மலிவானாலும் கூடாது. ஒன்று உங்கள் வேலையைத் தின்றுவிடும், மற்றது சிஸ்டத்தையே எரித்துவிடும்.

படைப்பு வேலைக்குப் புது இயந்திரம்தான் வேண்டும் என்ற நம்பிக்கை கேமை விடவும் ஆழமாக ஊன்றியிருக்கிறது, அதை உடைக்க வேண்டியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 4கே வீடியோ டைம்லைனில் திக்குகிறது என்பதுதான் பொதுவான புகார். கேமராவிலிருந்து வரும் கோப்பு இடத்தைச் சேமிப்பதற்காக இறுக்கிச் சுருக்கப்பட்டது, ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்துக் காட்டப் பிராசஸர் முன்பின் ஃபிரேம்களையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. பிராக்ஸி என்ற வழி இதற்காகவே இருக்கிறது: அதே காட்சிக்குச் சிறிய, எளிதில் விரியும் நகல் ஒன்றை மென்பொருளே தயாரித்துக்கொடுக்கும். அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் வெளியிடும்போது அசலுக்குப் போகலாம். பிரீமியரிலும் இருக்கிறது, இலவசமான டாவின்சி ரிசால்விலும் இருக்கிறது. ராத்திரி தூங்கப் போகும் முன் பிராக்ஸி தயாரிக்க விட்டால் காலையில் ஆறாண்டுப் பழைய சிஸ்டத்திலும் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும், அதற்குப் பதில் நாம் அவரை ஒரு லட்சத்துக்கு அனுப்புகிறோம்.

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை ஃப்ளோ என்ற லாட்வியப் படம் வென்றது. கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கிய அந்தப் படம் இலவச மென்பொருளான பிளெண்டரில், அதன் ஈவீ என்ற வேகமான ரெண்டர் முறையில் செய்யப்பட்டது. ஒளியை இயற்பியல்படி கணக்கிடும் சைக்கிள்ஸ் முறையில் ஒரு ஃபிரேமுக்கு நிமிடங்கள் ஆகக்கூடிய இடத்தில் ஈவீ விநாடிகளில் முடிக்கும், விலையாகத் துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை அட்டைப் பெட்டிக் கணினியில் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய நிறுவனங்களின் கணினிப் பண்ணைகளோடு போட்டியிட அந்த இயக்குநர் தேர்ந்தெடுத்தது தன் வசதிக்குள் அடங்கும் ஒரு முறையை. நம் பிள்ளைகளுக்கும் முதலில் கற்பிக்க வேண்டியது அந்தத் தேர்வைத்தான், விலைப்பட்டியலை அதற்குப் பிறகு காட்டலாம்.

விண்டோஸ் 11 பற்றிய வாதத்தை ஒதுக்க முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனருக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை வரும். 11 ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும், பிராசஸரும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை முதல் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான இயந்திரங்களை இந்த ஒரு கோடு செல்லாததாக்கியது, அதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் பாதுகாப்புக் காரணம் அந்த அளவுக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது என்றும் ஐ.நா.வின் அறிக்கை சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி நம் ஊர்களில் வெறும் கையால் உடைக்கப்பட்டு எரிக்கப்படுகிறது.

இருந்தாலும் இந்தக் கோடு சொல்லப்படுகிற அளவுக்கு உயரமான மதில் இல்லை. மேலே சொன்ன 1600காரர் 5600ஐ மாட்டி, பயாஸில் எஃப்டிபிஎம் என்ற டிபிஎம் வசதியை இயக்கினால் 11க்கு முழுத் தகுதி பெறுகிறார், இயங்குதளச் சிக்கலும் அதே செலவில் தீர்கிறது. தகுதி பெறவே முடியாத நான்காம் தலைமுறைக்காரருக்கு லினக்ஸ் மின்ட் இருக்கிறது. பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப், கேடென்லைவ் எல்லாம் அதில் ஓடும், ஸ்டீமின் புரோட்டான் வழியாகப் பெரும்பாலான விண்டோஸ் கேம்களும் ஓடும். வாலரன்ட் என்ற கேம் ஓடாது, போட்டோஷாப்பும் கோரல்டிராவும் அங்கே வராது. அவை இல்லாமல் பிழைப்பு நடக்காதவருக்கு இது வழியல்ல, அதை மறைத்து லினக்ஸைப் போற்றுவதும் ஏமாற்றுதான்.

"கொஞ்சம் கூடப் போட்டா பத்து வருஷம் தாங்கும்" என்ற வாக்குறுதியையும் எடைபோட வேண்டும். 2017இல் உச்சத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 699 டாலருக்கு வந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டுகளை ஏற்காது என்பதால் அந்த உச்சக் கார்டை வைத்திருந்தவருக்கு அது கிடைக்கவில்லை. அதே கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 329 டாலருக்கு அறிமுகமான ஆர்எக்ஸ் 6600 இருக்கிறது. எதிர்காலத்துக்காக முன்பணம் கட்டியவரை விடத் தேவைப்பட்டபோது நடுத்தரமாக வாங்கியவர் முன்னே நிற்கிறார். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியில் இருப்பது நான்கே கோர், 16 ஜிபி ராம், 15 வாட் சில்லு. அதற்காகவே கேம் நிறுவனங்கள் இன்று தங்கள் அமைப்புகளை இறக்கிக் கொடுக்கின்றன. நம் மேஜைக்கடியில் இருக்கும் பழைய பெட்டி மேம்படுத்திய பிறகு அதைவிட வலுவானது.

புதுசின் விலையும் இப்போது முன்பு போல் இல்லை. 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் என்ற சில்லறைப் பெயரையே மூடுவதாக அறிவித்தது. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 மட்டும்தான் பொருந்தும், ஆகவே புது சிஸ்டம் எடுப்பவர் ஏறிய விலையில் முழு ராமையும் வாங்க வேண்டும். உங்கள் போர்டில் இருக்கும் பதினாறு ஜிபி டிடிஆர்4 இன்று ஒரு சொத்து, அதைத் தள்ளிவிட்டுக் கிளம்பச் சொல்கிறவர் அதை விலையில் கழித்துத் தரப் போவதில்லை. டெஸ்க்டாப்பை விற்றுவிட்டு கேமிங் லேப்டாப் எடுக்கச் சொல்வது இதைவிட மோசம். பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைவு, நாளைக்குக் கார்டு போதவில்லை என்றால் அதை மாற்றவும் முடியாது.

புதுசு வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் தலைமுறை இன்டெல்லோடு புதிய கேம்களை எதிர்பார்ப்பவர், நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் ரெண்டருக்குக் காத்திருந்து வாடிக்கையாளரை இழக்கும் ஸ்டூடியோக்காரர், போர்டே பழுதாகி அதே சாக்கெட்டில் நல்ல போர்டு கிடைக்காதவர். இவர்கள்கூட எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாற்றினால் போதும். போன வருடம் பழைய சிஸ்டத்துக்காக வாங்கிய எஸ்எம்பிஎஸ் அப்படியே மாறும், சாட்டா எஸ்எஸ்டி இரண்டாவது டிரைவாக உட்காரும், கேபினட்டும் மானிட்டரும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். 3.0 போர்டில் பாதி வேகத் தடங்களில் ஓடிய அதே ஆர்எக்ஸ் 6600 புதிய போர்டில் முழு 4.0 வேகத்தில் ஓடும். கழற்றிய போர்டையும் பிராசஸரையும் ராமையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து விற்றால் ரிச்சி தெருவிலேயே வாங்க ஆள் இருக்கிறது.